தானியேலுக்கு ஒரு கீசர்

பிரிசில்லா ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் கணவன் தானியேல் லுங்கியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது தொடை முழங்கால் வரை சிவந்து, தோல் நீர்கோத்து உப்பியிருந்தது.

"இன்னாங்க இது?"

"குளிச்சப்ப சுட்டிருக்குது போல. எனக்கே இப்பதான் தெரியும். லுங்கி ஈரமா இருக்குதேன்னு பாத்தேன்" என்றான். யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல இருந்தது அவன் குரல்.

தோல் மண்டியில் லோடு இறக்கும்போது லாரி மேலிருந்து கழுத்து மடங்க விழுந்தவன் அவன். அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே அவனுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போவான். விரல்களால் தண்ணீர் மக்கைப் பிடிக்க முடியாது. ஆகவே கை ஷவரை மணிக்கட்டில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் கன்னத்தில் காட்டிப் பார்த்துவிட்டு உடம்பில் விடுவான். கதவைச் சாத்திக்கொள்வான். சட்டைக்குப் பொத்தான் போட, சோற்றைப் பிசைந்து கொடுக்க, ராத்திரியில் புரட்டிப் படுக்கவைக்க அவள் வேண்டும். குளியலுக்கு மட்டும் வேண்டாம். அந்தக் கொஞ்ச நேரம் அவன் வீட்டில் யாருக்கும் பாரமில்லாத மனுஷனாக இருந்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் எலக்ட்ரீஷியன் பச்சையப்பன் வந்து கீசரைக் கழற்றினான். உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல உப்பு படிந்திருந்தது.

"உப்பு தெர்மோஸ்டாட்டையே மூடிட்டிருக்குதுக்கா. சூடு ஏறினா கட் ஆவணும், ஆவல. முதல்ல பைப்புல நின்ன தண்ணி இதமா வந்திருக்கும். பின்னாலயே டாங்கித் தண்ணி கொதிச்சிக்கிட்டு வந்திருக்கும். டாங்கியும் ஓட்டை. இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடுங்க."

ஆம்பூர் பஜாரில் இஷ்தியாக் அகமதுவின் கடையில் கீசர்கள் சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. பிரிசில்லா எதையும் பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்லி, "இன்னா ஆனாலும் ஒரு அளவுக்கு மேல சூடு போகக் கூடாது பாய். அப்படி ஒண்ணு குடுங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சின்ன கீசர், உடனே சுடுறது, அது வேணாம்மா. தண்ணி வேகம் கம்மியானா சூடு ஜாஸ்தியாவும். நீங்க சமையல்கட்டுல குழாயைத் திறந்தாலே போதும், அங்க அவருக்கு சுட்டுடும்."

"கேஸ்ல ஓடுறது?"

"பாத்ரூமுக்கு ஜன்னல் இருக்குதா?"

"இல்ல."

"அப்ப நான் விக்கவே மாட்டேன். கதவைச் சாத்திக்கிட்டா கேஸ் புகை ஆளையே முடிச்சிடும்."

"மாடியில வெக்கிற சோலார்?"

"நம்ம ஊர் வெயிலுக்கு யாரும்மா ஸ்விட்சை ஆஃப் பண்றது? மதியத்துல கைய வெக்க முடியாது."

பச்சைத் தண்ணியையும் சுடுதண்ணியையும் கலந்து அளவாக விடும் வால்வு ஒன்று உண்டு என்று அவரே சொன்னார். அவள் முகம் மலர்வதைப் பார்த்ததும் அவசரமாகக் கையை ஆட்டினார். "நல்ல ஐட்டம்தான். ஆனா நம்ம போர் தண்ணி உப்புல அதுவும் சிக்கிக்கும். சிக்கினது வெளிய தெரியாது. உப்பு எடுக்குற மெஷினை வீட்டுக்கே போட்டா ஒருவேளை தாங்கும்."

"வாடகை வீடு பாய். ஆணி அடிக்கவே ஓனரம்மாவைக் கேக்கணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு சூட்டைக் கூட்டிக் குறைக்க வெளியே குமிழ் வைத்த ஒரு டாங்கி கீசரைக் காட்டினார். "இதை எடுத்துட்டுப் போங்க. குமிழைக் கம்மியிலயே வையுங்க. அப்பப்ப கழட்டி உப்பு எடுக்கச் சொல்லுங்க. ஆனா இதுலயும் உப்பு ஏறினா கட் ஆவாது, அவர் குளிக்கிற வரைக்கும் யாராவது பக்கத்துல நின்னு தண்ணில கைய வெச்சுக்கிட்டே இருக்கணும்மா."

"அவர் தனியாத்தான் குளிப்பாரு பாய்."

"அதுக்குத் தகுந்தது என்கிட்ட இல்லியேம்மா" என்றார். அவள் கீசரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

புண் ஆறிய பிறகு முதல் குளியல். பச்சையப்பன் மாட்டிவிட்டுப் போயிருந்த கீசரைத் தானியேல் அண்ணாந்து பார்த்தான்.

"கம்மியிலதான வெச்சிருக்குது?"

"ஆமாங்க."

"சரி, நீ போ."

அவள் போகவில்லை. கடைக்காரர் சொன்னதை இத்தனை நாளும் அவனிடம் சொல்லாமலே இருந்தாள். இப்போதும் வாய் வரவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்தான். பார்த்துப் புரிந்துகொண்டான்.

"தினமுமா?"

அவள் தலையசைத்தாள்.

"நீ காலையில ஷிப்டுக்குப் போயிட்டா?"

"போறதுக்கு முன்னாடி குளிச்சிடலாம்."

 அவன் நாற்காலியை வாக்கரால் தள்ளித் தள்ளிச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கதவு திறந்தே கிடந்தது. அவள் ஷவரைத் திறந்து கையை நீட்டினாள். தண்ணீர் இதமாக வந்தது.

"சூடா இருக்குதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"இல்லிங்க. சரியா இருக்குது."

தோளில் விட்டுக்கொண்டான். சோப்புப் போடும்போது மறுபடி கேட்டான். அவள் மறுபடி கையை நீட்டினாள்.