நாற்பத்தொன்றாம் நம்பர்

என் தங்கை ஷிஜி அயர்லாந்தில் நர்ஸ். போன வாரம் போனில் ஒரே புலம்பல். அவள் மகனின் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள் ஆகிவிட்டார்களாம். பெற்றோர் கூட்டம் போட்டு ஹெட்மாஸ்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்களாம். "ஒவ்வொரு பிள்ளையையும் எப்பிடிக் கவனிப்பாங்க, நீயே சொல்லுக்கா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைக் கடலில் எறிந்திருப்பேன். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர்.

அத்தனை பெயரையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் முதல் பீரியட் போய்விடும். அதனால் எங்கள் பள்ளியில் நம்பர்தான். பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் நம்பரைச் சொல்வேன். எங்கிருந்தோ "பிரசன்ட் டீச்சர்" என்று ஒரு குரல் வரும். டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன்.

நாற்பத்தொன்று பூங்கனி. கடைசி பெஞ்ச். டிக்டேஷனில் எல்லாமே தப்பு. கேள்வி கேட்டால் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். 'கவனமில்லை, மந்தம்' என்று அவள் ரிப்போர்ட்டில் எழுதியது நான்தான். அதைக் காட்டித்தான் தாளாளர் செல்வதாஸ், அவள் அம்மா ஞானசெல்வியை டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார். மீன் விற்கிறவள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், வெள்ளிக்கிழமை மதியம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் பள்ளிக்கு உதவி செய்கிற ஜெர்மனிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு இருபது பேராம். இங்கேயும் அப்படித்தான் என்று தாளாளர் கடிதத்தில் அளந்துவிட்டிருந்தார்.

"யூனிபார்ம் நல்லா இருக்க இருபது பேர மட்டும் இருத்துங்க டீச்சர். மிச்சத்தக் கோயில் ஹால்ல கொண்டு அடைங்க" என்றார்.

மிச்சமாம். பிள்ளைகள் என்ன பழைய சோறா? அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தெட்டுப் பேரைப் பிரித்து அனுப்பியதும் நான்தான்.

பூங்கனி அன்று புது யூனிபார்மில் வந்திருந்தாள். நன்றாக உடுத்தி அனுப்பினால் டி.சி. கொடுக்கமாட்டார்கள் என்று அந்த அம்மா நினைத்தாளோ என்னவோ. அதனால் அவள் வகுப்பில் இருந்தாள். பக்கத்தில் இருக்கும் ஸ்மைலினின் பாவாடை வெளுத்துப்போனது. அவள் ஹாலுக்குப் போனாள்.

விருந்தாளிகள் சுவரோரம் நின்றார்கள். இருக்கிற இருபது நம்பர்களைக் கூப்பிட்டேன்.

"நாப்பத்தொண்ணு."

பதில் இல்லை. மின்விசிறி கிரீச்சிடுவது கேட்டது. அந்த அறையில் அந்தச் சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை.

"நாப்பத்தொண்ணு."

பூங்கனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வதாஸ் என்னை முறைத்தார். கோபத்தோடு அவள் முதுகுப்பக்கம் போய் நின்று, "ஏட்டி பூங்கனி" என்றேன். அசையவில்லை. கையைத் தட்டினேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் பதறி எழுந்து, என் உதடுகளைப் பார்த்தாள்.

முன் பெஞ்சில் ஒருத்தி சொன்னாள்: "டீச்சர், அவளுக்கு ஸ்மைலின்தான் பிரசன்ட் சொல்லுவா."

பதிவேட்டை மேசையில் போட்டுவிட்டு வெளியே நடந்தேன்.

"எங்க போறிய டீச்சர்?" செல்வதாஸ் பின்னாலேயே வந்தார்.

"மிச்சத்தக் கூட்டிட்டு வரப் போறேன்."

முப்பத்தெட்டுப் பேரையும் கூட்டிவந்தேன். பெஞ்சுக்கு ஆறு பேராக நெருக்கி உட்கார்ந்தது போக மீதிப்பேர் தரையில் உட்கார்ந்தார்கள். விருந்தாளிகளிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இதுதான் என் வகுப்பு, ஐம்பத்தெட்டுப் பேர் என்றேன். செல்வதாஸின் முகம் கறுத்தது.

"ஞானசெல்வி வந்தா டி.சி. கொடுக்கப்பிடாது சார். அந்த ரிப்போர்ட் பொய். நான் எழுதின பொய். பிள்ளைக்குச் செவி கேக்கல்ல" என்றேன்.

"ஒங்க வேல போயிரும்."

"போட்டும்."

ஆத்திரம் அடங்கவில்லை. ஸ்மைலினிடம் திரும்பினேன்.

"ஏட்டி, ஒரு வருசமா அவளுக்குப் பிரசன்ட் சொல்லுதியே. இத எங்கிட்டச் சொல்லணும்னு ஒனக்குத் தோணல்லியா?"

பூங்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னேன் டீச்சர். மூணு தடவ சொன்னேன். சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல்ல."