கூட்டிப் பெருக்கிய காடு

அரியக்குடிக்குத் தெற்கே, செம்மலை குடும்பத்து அய்யனார் காட்டின் வழியாகப் புதிய சாலை போட யோசித்தார்கள். காட்டால் ஊருக்கு எவ்வளவு பயன் என்று முதலில் அளக்க வேண்டும். பயன் அதிகமென்றால் சாலை வளைந்து போகும். இல்லையென்றால் காடு போகும். அளப்பதற்கு அனுசுயா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள்.

அவள் வருவதற்கு முந்தின நாளே, குடும்பத்துப் பெரியவர் செம்மலை தன் காட்டுக் காவல்காரன் வீரையாவைக் கூப்பிட்டார்.

"படிச்சவுக வாராக. காடு குப்பையாக் கெடந்தா நம்ம குடும்பத்த என்ன நெனப்பாக?"

வீரையா ஆள் வைத்துச் சருகை வாரி எரித்தான். முளைத்திருந்த கன்றுகளையெல்லாம் செதுக்கி எறிந்தான். மரத்தடிகளுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்தான்.

அனுசுயா கயிறு கட்டிச் சதுரம் போட்டாள்.

"முழுக் காட்டையும் அளக்க முடியாதுங்கய்யா. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட மூணு எடத்துல மட்டும் சருகு எவ்வளவு, கன்னு எத்தனை, மண்ணு தண்ணியக் குடிக்குதான்னு பாப்பேன். அதுதான் காட்டோட பயன். ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்."

நிறுக்கச் சருகில்லை. எண்ணக் கன்றில்லை. மண்ணில் பதித்த இரும்பு வளையத்துக்குள் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் நின்றது. அவள் நிமிர்ந்தாள்.

"கூட்டிட்டீங்களா ஐயா? கூட்டியிருந்தா சொல்லிருங்க. இதத் தள்ளிட்டு, மழைக்கப்புறம் வந்து திரும்ப அளக்குறேன்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த செம்மலையின் பங்காளி பாண்டிமுருகன் முந்திக்கொண்டான்.

"பொண்ணு பாக்க வாராகன்னு அண்ணன் காட்டுக்கே பவுடர் பூசிவிட்டாரு தாயி!"

கூட்டம் சிரித்தது. செம்மலை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவன் எங்களுக்கு ஆகாதவன். எங்க சாமி காட்டுல என்னைக்குமே குப்பை கெடந்ததில்ல. எங்க பரம்பரை அப்படி."

"ஐயா, நேத்துத்தான நாம..." என்று வீரையா வாயெடுத்தான்.

அதே துண்டு அவன் முகத்தில் விழுந்தது. "நாயே! உன்னக் கேட்டாகளா?"

அனுசுயா ஒரு மரத்தைத் தொட்டாள். விரலில் காவி ஒட்டியது.

"அடிச்சு நாளாச்சு. பனி ஈரம்" என்றார் செம்மலை, அவள் கேட்காமலே.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்களே சொன்னாத்தான் இதத் தள்ள முடியும்ங்கய்யா" என்றாள். பிறகு அளந்ததை அளந்தபடியே எழுதிக்கொண்டு போனாள்.

ஆடி பிறக்குமுன் பொக்லைன் வந்தது. காவி அடித்த மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பாண்டிமுருகன்கூட அன்று சிரிக்கவில்லை. வீரையா அய்யனார் சிலையைத் தலையில் சுமந்துவந்து செம்மலை முன்னால் நின்றான்.

"சாமிய எங்குட்டு வைக்கங்கய்யா? நாளையிலருந்து நான் எங்குட்டுக் காவலுக்கு வர?"

"காடே இல்ல, காவல் எதுக்கு? வச்சிட்டுப் போ."

அவன் போகாமல் நின்றான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. செம்மலை குரலை உயர்த்தினார்.

"அன்னைக்கு நீ வாயத் தெறந்திருந்தா காடு நின்னிருக்கும்லடா! உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியே!"