பஞ்சுவின் பத்தியம்

சோபா தைக்கும் அந்தப் பட்டறையில் பஞ்சு யாருடைய நாய் என்று கேட்டால், முதலாளியம்மா தன்னுடையது என்பாள். ஊசி போட்டதும் கழுத்துப்பட்டை வாங்கியதும் அவள்தான். அதையே கட்டிங் மாஸ்டரிடம் கேட்டால், கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார். இதெல்லாம் ஒரு கேள்வியா? ஐந்து வருஷத்துக்கு முன்னால், கழித்துப்போட்ட ஸ்பாஞ்சு மூட்டைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டியைத் தன் சட்டைக்குள் போட்டுக் காப்பாற்றியவர் அவர். பஞ்சு என்று பெயர் வைத்தவரும் அவர். அவருடைய வெட்டும் மேசைக்கு அடியில்தான் அது தூங்கும். மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால் தெருமுனையிலிருந்து பறந்து வரும். டப்பாவில் பாதி அதற்கு.

அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு திங்கட்கிழமை, வெட்டி அடுக்கி வைத்திருந்த ரெக்சின் மேலேயே பஞ்சு வாந்தி எடுத்தது. அடுத்து வயிற்றுப்போக்கு. கால்நடை மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணெயில பொரிச்சதெல்லாம் யாரு கொடுக்கறது?" என்றார். முதலாளியம்மா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"ஒரு நாள் வயித்தைக் காயப் போடுங்க. தண்ணி மட்டும், கொஞ்சம் கொஞ்சமா. அப்புறம் அஞ்சு நாளைக்குக் குழைய வேகவச்ச சோறு, தோலெடுத்த கோழி. உப்பு, காரம், எண்ணெய், வெங்காயம் எதுவும் ஆகாது. கைப்பிடியளவு, ஒரு நாளைக்கு நாலு தடவை. முக்கியமா ஒருத்தர்தான் கொடுக்கணும். ஆளாளுக்குக் கொடுத்தா என்ன தின்னுச்சுன்னே தெரியாது."

அந்த ஒருத்தர் யார் என்பதில்தான் இடி விழுந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத தையல்காரியிடம் பொறுப்பை ஒப்படைத்தாள் முதலாளியம்மா. "அவ வீட்ல மூணு நாய் வளர்த்தவ. நீங்க அந்தப் பக்கமே எட்டிப் பாக்காதீங்க மாஸ்டர்."

ஆக, நாய்க்கு வயிற்றுப்போக்கு, மாஸ்டருக்கு வயிற்றெரிச்சல்.

புதன்கிழமை காலை தையல்காரி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சோற்றையும் கோழியையும் விரலால் மசித்தாள். சூடு இருக்கிறதா என்று புறங்கையில் வைத்துப் பார்த்தாள். "என் கண்ணுல்ல, இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கொஞ்சிக் கொஞ்சி ஊட்டினாள். பஞ்சுவும் வெட்கமில்லாமல் வாலை ஆட்டிக்கொண்டு தின்றது. மாஸ்டர் வெட்டிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சு ஒரு விரற்கடை கோணலாகப் போனது. இருபத்தாறு வருஷத்தில் அவர் கத்தி அப்படிப் போனதே இல்லை.

"மாஸ்டர், பாருங்களேன், தட்டைக் கழுவவே வேணாம். அப்படி நக்கி வச்சிருக்கு!"

"பசிச்சா மண்ணைக்கூடத் திங்கும்" என்றார் மாஸ்டர், தலையைத் தூக்காமல்.

வியாழக்கிழமை பஞ்சு மேசைக்கு அடியிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, நடந்துபோய்த் தையல்காரியின் மெஷினுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து வருஷம் ஊட்டிய கை எங்கே, நேற்று வந்த கை எங்கே!

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் தட்டைக் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். மாஸ்டர் டப்பாவைத் திறந்தார். பொரித்த ஈரல். மெல்லச் சீட்டி அடித்தார். பஞ்சு குழாயடிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவரிடம் வந்தது.

"யாருடா உனக்கு? நான்தானே?"

ஒரு துண்டு கொடுத்தார். அது நிமிர்ந்து பார்த்தது. இன்னும் இரண்டு கொடுத்தார்.

நாலு மணிக்கு மூன்று தடவை வாந்தி. பஞ்சு கால்களைப் பரப்பிக்கொண்டு சாய்ந்துவிட்டது. முதலாளியம்மா தையல்காரியைப் பிடிபிடியென்று பிடித்தாள். "உன்னைப் போய் நம்பினேன் பாரு! என்னத்தடி கொடுத்துத் தொலைச்சே?" அவள் குனிந்து வாந்தியைத் துடைத்தாள். பொய் சொல்வானேன், அவள் திட்டு வாங்கியது மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் இனிக்கத்தான் செய்தது. அடுத்த நிமிஷம் பஞ்சு படுத்தபடியே அவரைப் பார்த்தது. இனிப்பெல்லாம் அந்தப் பார்வையில் கசந்துவிட்டது.

மூன்று பேரும் வேனில் கிளம்பினார்கள். நாயை மடியில் வைத்துக்கொண்டவர் மாஸ்டர்தான். மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார். "பத்தியச் சோறு மட்டும்தானே போச்சு?"

"நான் கொடுத்தது அதுதான் டாக்டர்" என்றாள் தையல்காரி.

"அதுகூடத் தங்கலைன்னா குடல்ல ஏதாவது அடைச்சிருக்கும். உங்க பட்டறையில ஸ்பாஞ்சு, நூல்னு கெடக்குமே. படம் எடுத்துப் பாத்துட்டு, தேவைப்பட்டா வயித்தைத் திறக்கணும்."

மாஸ்டர் பஞ்சுவின் வயிற்றில் கை வைத்தார். "ஈரல்" என்றார்.

"என்னது?"

"பொரிச்ச ஈரல் டாக்டர். மூணு துண்டு. நான்தான் கொடுத்தேன். இவ மேல ஒரு தப்பும் இல்ல."

முதலாளியம்மா வாயைத் திறந்தாள். மருத்துவர் முந்திக்கொண்டார். மாஸ்டரை அடிக்காத குறையாகத் திட்டிவிட்டு, அடைப்பாக இருக்காது என்று சொல்லி ஊசி மட்டும் போட்டார். ஒரு மணி நேரத்தில் பஞ்சு தலையைத் தூக்கியது.

வெளியே பெஞ்சில் தையல்காரி சொன்னாள். "எனக்குத் தெரியும் மாஸ்டர். தொடைக்கும்போதே ஈரல் துண்டைப் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா நானே போட்டு உடைச்சிருப்பேன்."

பெருந்தன்மையிலும் அவளே ஜெயித்துவிட்டாள். அதற்கும் மாஸ்டருக்கு எரிந்தது.

பத்தியம் முதலிலிருந்து தொடங்கியது. இந்தத் தடவை கோழியைத் தானே வேகவைத்துக் கொண்டுவரும் வேலையை மாஸ்டர் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டார். தோலை உரித்து, கொழுப்பை வழித்து, நார்நாராகப் பிய்த்துக் கொடுப்பார். ஊட்டுவது அவள். ஐந்தாம் நாள் அவள் தட்டை அவரிடம் நீட்டினாள். "இன்னைக்கு நீங்க கொடுங்க."

பஞ்சு அவர் கையிலிருந்து கடைசிப் பருக்கைவரை தின்றது. விரலை நக்கியது. பிறகு மெஷின் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

"நாளைக்கும் நானே கொடுக்கட்டுமா?" என்றார் மாஸ்டர்.

"காலையில நீங்க, சாயங்காலம் நான்" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி.

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். நாய்க்குக் காலையில்தான் பசி அதிகம். ஒத்துக்கொண்டார்.