நாகம்மாள் பார்த்த கால்கள்

துரைக்கண்ணு பென்சிலால் வரைந்த இரண்டு கால்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷன் மேசையிலிருந்து இறங்கி, வடுவக்குடி ரோட்டில் தெற்கே நடந்தன. கணுக்காலுக்கு மேல் ஒன்றும் இல்லை. மழை பெய்து பதினோரு நாள் ஆகியிருந்தும் தார் ரோட்டில் சேற்றுத் தடம் விழுந்தது. எதிரே வந்த குடவாசல் பஸ் ஓரம் கட்டி வழி விட்டது.

ஆட்சி மாறி மூன்றாவது வருஷம் அது. ஊருக்கு இரண்டு கொடிக்கம்பம் முளைத்திருந்தது, கூலி மட்டும் பழைய மரக்காலிலேயே கிடந்தது. அதைக் கூட்டிக் கேட்டு, நடவு நடந்த வயலின் வரப்பிலேயே பண்ணையாரை மறித்து நின்றான் பக்கிரி. கேட்டதுகூடப் பெரிதில்லை, நிமிர்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டான். அரிவாள் கழுத்தில் இறங்கியது. சேற்றில் குனிந்திருந்த முப்பத்தொரு பெண்களில் அவன் பெண்டாட்டி நாகம்மாளும் ஒருத்தி. போலீஸ் வந்து, அண்ணன் தம்பித் தகராறு என்று எழுதி, பக்கிரியின் தம்பி மருதையனைப் பிடித்துக்கொண்டு போனது.

வெட்டியது பண்ணையார் என்று நாகம்மாள் ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள். முகத்தைப் பார்த்தாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை என்றாள். பார்க்காத முகத்துக்கு எப்படிப் பெயர் சொல்கிறாய் என்று அவர் சிரித்தார். விவசாயக் கூலிகள் சங்கத்துக்காரர்கள் மேலே மனுப் போட்டதால், தஞ்சாவூரில் சினிமா பேனர் எழுதும் துரைக்கண்ணுவை வரவழைத்தார்கள். களவு, கொலை என்றால் சாட்சி சொல்லச் சொல்ல முகம் வரைந்து கொடுப்பது அவனுடைய உபதொழில்.

"மூக்கு எப்படிம்மா இருந்துச்சு? கூர்மையா, சப்பையா?"

"தெரியாதுங்க."

"கண்ணு, மீசை?"

"பண்ணை முன்னாடி அண்ணாந்து பாக்குற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. காலைத்தான் பார்ப்போம். கால் வந்துச்சுன்னா ஒதுங்குவோம்."

"அப்ப காலைச் சொல்லு."

நாகம்மாள் சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. இடது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரல் மேல் ஏறியிருக்கும். வலது குதிகாலில் மூன்று வெடிப்பு, நடு வெடிப்பு நீளம். செருப்பு வார் அழுத்திய இடத்தில் தோல் வெளுத்திருக்கும். "அந்த நகம் இன்னும் கொஞ்சம் சொத்தைங்க" என்று திருத்தினாள். மற்ற முப்பது பெண்களையும் துரைக்கண்ணு இரண்டு நாளாகத் தனித்தனியாகக் கேட்டான். அதே விரல், அதே வெடிப்பு. முகம் சொல்லியே ஆக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் மிரட்டியதில் மூன்று பேர் ஒரு முகத்தைச் சொன்னார்கள். வரைந்து முடித்தால் அது கொடிக்கம்பத்துப் போஸ்டரில் இருந்த தலைவர் முகம். அவர்கள் நிமிர்ந்து பார்த்திருந்த முகம் அது ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் அதைத் தானே கிழித்து அடுப்பில் போட்டார்.

"காலு சாட்சி எந்தச் சட்டத்துலய்யா இருக்கு? திங்கக்கிழமை தம்பிக்காரன் மேல கேஸை எழுதிடுவேன்" என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் கால்கள் மேசையிலிருந்து இறங்கிவிட்டன.

அவை மத்தியானம் நாகம்மாள் வாசலில் வந்து நின்றன. தெருவே குனிந்தது. பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நான்கு நாள் எந்த வீட்டிலும் அடுப்புப் புகையவில்லை. நாகம்மாள் வாய்க்காலுக்குப் போனால் கால்கள் பின்னால் போயின, உட்கார்ந்தால் எதிரே நின்றன. சங்கத்து வைரக்கண்ணு வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினான். "சொன்னதை இல்லேன்னு எழுதிக் குடுத்துடு நாகு. உனக்கும் விழும்."

"குடுத்தா கொழுந்தனைத் தூக்குல போட்டுடுவாங்களே" என்றாள், தரையைப் பார்த்தபடியே.

சனிக்கிழமை துரைக்கண்ணு சைக்கிளில் வந்தான். "தாளு வெறும் தாளா கெடக்கும்மா. நீ பார்த்த மட்டுக்கும்தான் இது இருக்கு. மேல பார்த்தா மேல வரும்."

"மேல பார்த்தது ஒரு மனுசன்தாங்க. அவரைப் பொதைச்சு பதினஞ்சு நாளாவுது."

இருந்தாலும் பார்த்தாள். கெண்டைக்கால் வரை நிமிர்வதற்கே ஒரு நாழிகை ஆனது, கெண்டைக்கால் வந்தது. கரை வேட்டி வந்தது. தொந்தியில் நிறுத்திக்கொண்டு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். துரைக்கண்ணு வரைந்துகொண்டே இருந்தான். தோள் வந்தபோது கையும் வந்தது, ஓங்கிய அரிவாளோடு. அது அவள் தலைக்கு நேர் மேலே நின்றது. நாகம்மாள் கண்ணை மூடினாள், திறந்தாள், முகத்தைப் பார்த்தாள். அம்மைத் தழும்பு, தொங்கிய இடது இமை, வெற்றிலைக் கறை படிந்த உதடு. அரிவாள் இறங்கவில்லை. பிறகு முப்பது பெண்களும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். தங்கம்மாளுக்கு மட்டும் அங்கேயே மூத்திரம் போய்விட்டது.

படம் கோர்ட்டுக்குப் போனது. முப்பத்தொரு பேரும் ஒரே இமையைச் சொன்னதால் மருதையனை விட்டார்கள். பண்ணையார் அன்றைக்குத் தாராசுரம் கோயிலில் இருந்ததாகப் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்தார்கள், அவரையும் விட்டார்கள். வாசலில் நின்றது போகவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது. மழையில் நனைந்தது, காய்ந்தது.

மருதையன் வந்த அன்று அதைப் பார்த்துப் பழக்கத்தில் குனிந்து, துண்டை அக்குளில் இடுக்கினான். நாகம்மாள் வாசலிலேயே தட்டை வைத்துச் சோறு போட்டாள். அவன் உட்கார்ந்து கைவைத்தபோது, "கொஞ்சம் தள்ளி உக்காரு தம்பி, அருவா நெழலு சோத்துல விழுவுது" என்றாள்.

மருதையன் தட்டை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.