சிஞ்ஞோராவிடம் கொடுத்த நாலு கொப்பி

எங்கள் மூன்றாம் மாடி இராஜநாயகத்துக்கு கபோச் சந்தை முழுக்க 'மனேத்தோ' என்றுதான் பெயர். பட்டம் வைத்தது நானில்லை. பரப்பியது மட்டும்தான் நான்.

ஊரில் சரித்திர வாத்தியார். இங்கே இத்தாலியில், லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில், ஒரு பேராசிரியை அம்மாவின், அதாவது சிஞ்ஞோராவின், வீட்டில் தூசு தட்டுகிறார். மனேத்தோ பழைய எகிப்துக் கோயில் குருவாம். தங்களை ஆண்ட கிரேக்க ராசாவுக்காக, தங்கள் தெய்வங்களையும் அரசர்களையும் பற்றிக் கிரேக்கத்தில் எழுதிக் கொடுத்தவராம். சிஞ்ஞோராவுக்கு அவரைப் பற்றித்தான் ஆராய்ச்சி. "நீயும் உங்கடை ராசாக்களைப் பற்றி எனக்கு எழுதித் தாவன்" என்று தொண்ணூற்றுநாலில் ஒரு வார்த்தை சொன்னாள். மனிதர் நிலத்தில் நிற்கவில்லை.

இரண்டு வருடம் அகராதியும் கையுமாக இருந்து, இத்தாலிய மொழியில் நாலு கொப்பி எழுதினார். மேசை முழுக்கக் கடதாசி. மனைவி சந்திரமதி சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

கொடுக்கப் போன அன்று படியில் மறித்தேன்.

"மாஸ்ரர், போட்டோப் பிரதி எடுத்தனீங்களே?"

"பெரிய ஆக்களிட்டைக் குடுக்கேக்கை அது மரியாதையில்லைத் தங்கச்சி."

போன மாதம் சிஞ்ஞோராவின் புத்தகம் வந்தது. தூசு தட்டப் போனவர் விரித்துப் பார்த்திருக்கிறார். ஓர் அடிக்குறிப்பு: தன் வீட்டு வேலையாள், ஒரு தமிழன், தங்கள் முதல் அரசனுக்கு இராமபிரானே குடை கொடுத்தார் என்று எழுதுகிறான், தன் இனத்தின் கதையைத் தானே எழுதுகிறவன் எங்கும் இப்படித்தான் கட்டுக்கதையை நம்புவான். பெயர்கூட இல்லை.

"சனம் அப்பிடிச் சொல்லும், சரித்திரம் அதை ஒப்பாது எண்டு அடுத்த வரியிலை எழுதினனான்," என்றார் என்னிடம்.

"கொப்பியைக் காட்டிக் கேக்கிறதுதானே?"

"கேட்டனான். வீடு மாறேக்கை குப்பையோடை போயிட்டுதாம். மனேத்தோவின்ரை புத்தகமும் துலைஞ்சதுதானாம், ஆரோ எடுத்தெழுதின துண்டுகள்தானாம் மிச்சம். கவலைப்படாதை எண்டு தோளிலை தட்டினவ. ஞாபகத்திலை இருக்கிறதைத் திருப்பி எழுதட்டாம்."

பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, வேலை கொடுக்கிறவள் என்று அவளுடைய கையெழுத்து வேண்டும். அதனால் பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"எப்ப தொடங்கிறியள்?"

"ஒண்டும் ஞாபகமில்லை எண்டு சொல்லிப்போட்டன்."

எங்களூரை ஆண்ட சங்கிலி மன்னனின் ஆண்டுக்கணக்கைத் தக்காளிக்காரனுக்கே ஒப்புவிக்கிற மனிதர். நான் நக்கலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவவுக்கு வேண்டினது அந்த ஒரு வரிதான், தங்கச்சி," என்றார். "எடுத்திட்டா."