கொடி இறங்குமுன்

ஒரு மாதமாகத் தம்பி அக்காவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி இழுக்க மாட்டேன் என்கிறதாம். மலைப்பாதைக் கார் பந்தயத்தில் இழுக்காத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அக்காதான் அவனுடைய மெக்கானிக். முந்தின நாள் பின் அச்சைப் பிரித்து, பின்சக்கரங்களைச் சுழற்றும் கிரவுன் பல்சக்கரத்தையும் அதோடு சேரும் சின்னப் பல்சக்கரமான பினியனையும் மாற்றிப் போட்டாள். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் வண்டி பாயும். காலையில் ஒத்திகை ஓடிவிட்டு வந்தவன் "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

இப்போது புறப்படும் வரிசையில் அவனுக்கு முன்னால் இரண்டே வண்டிகள். அக்கா தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகத்தோரம் சிவப்பு நெயில் பாலிஷ் ஒட்டியிருந்தது. அழகுக்குப் பூசியதில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, போதிய இறுக்கம் வந்ததும் அது எழுப்பும் 'டக்' கேட்டபின் அதன் தலையில் ஒரு கோடு போடுவாள். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம்.

நேற்று அவன் அவசரப்படுத்தியதில், காயட்டும் என்று கோட்டை முதலில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு முறுக்கினாளா? மூடியைப் பொருத்தியது ஞாபகம் இருந்தது. எண்ணெய் ஊற்றியதும் ஞாபகம் இருந்தது. அந்த 'டக்' மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஒரு போல்ட் கழன்று பல்லுக்குள் சிக்கினால் பின்சக்கரம் இரண்டும் அப்படியே நின்றுவிடும். பாதையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. சத்தம் போட்டுப் பார்த்தாள், இன்ஜின் இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை. தடுப்பைத் தாண்டி ஓடினாள். தம்பியின் வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் பானட்டில் ஊன்றி நின்றுவிட்டாள். கொடியை இறக்கி வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்த கொடிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இந்த வருடப் பந்தயத்தில் இனி அவன் மலை ஏற முடியாது என்றும் சொன்னார். திட்டட்டும் என்று நின்றாள்.

வண்டியை ஷெட்டுக்குத் தள்ளி வந்து எண்ணெயை வடித்து மூடியைத் திறந்தாள். முதல் போல்ட்டில் ரெஞ்சை வைத்ததுமே 'டக்'. அடுத்ததும் அப்படித்தான். கடைசிவரை ஒன்றுகூட இம்மியும் அசையவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் முறுக்கியிருக்கிறாள், மகராசி. அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல், அச்சுக்கு அடியிலேயே கிடந்தாள்.

தம்பி பக்கத்தில் வந்து குந்தினான். திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"காலைல மூணாவது வளைவுல வண்டி என் கைக்கு அடங்கலக்கா. லேசா மிதிச்சாலே பின்பக்கம் பிச்சுக்கிட்டுப் போகுது. ஓரக்கல்லு வரைக்கும் போயிட்டேன்."

"அப்புறம் ஏன்டா நல்லா இருக்குன்னு சொன்னே?"

"நான்தானே கேட்டு வாங்குனேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

அக்கா மெல்ல வெளியே நகர்ந்து வந்தாள். கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"நான் மறிக்கலன்னா போயிருப்பியா?"

அவன் கீழே கிடந்த ரெஞ்சை எடுத்துத் துடைத்தான்.

"போயிருப்பேன்."