பன்னிரண்டாவது கேஸ்

பன்னிரண்டாவது கேஸின் கடைசிப் பத்தியில் பட்டாசின் அப்பா குடித்துக் குடித்தே செத்துப்போயிருந்தார். கல்லூரி நூலகத்தின் ஜன்னலோர மேசையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிழை பார்த்துக்கொண்டிருந்த பட்டாசு, அந்த வரியைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். செத்தவர் கொஞ்ச நேரம் முன்புதான் போன் பண்ணி, சாப்பிட்டாயா, என்ன குழம்பு, வாயில் வைக்கிற மாதிரி இருந்ததா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், வேனை எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்.

பட்டாசு என்பது விடுதிப் பெண்கள் வைத்த பெயர். வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் ‘அது எப்படி?’ என்று எழுந்து நின்றுவிடுவாள் என்பதால் வந்தது. இறையியல் கல்லூரியில் மிஷன் மற்றும் பண்பாட்டு ஆய்வு என்கிற முதுகலைப் படிப்பில் இருந்தாள். இந்தப் படிப்பை உறவுக்காரர்களுக்கு விளக்குவதற்குள் உயிர் போய்விடும். வேற்று மொழியும் வேற்று வழக்கமும் உள்ள மக்களிடம் வேதத்தைக் கொண்டுபோகிறவர்கள் அவர்களை எப்படிப் புரிந்துகொள்வது, எங்கே வாயைத் திறப்பது, எங்கே பொத்திக்கொள்வது என்பதைத்தான் படிக்கிறோம் என்பாள். அதற்கு எதற்குப் படிப்பு, நம்ம வீட்டுக்கு வந்த மருமகளைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று சித்தி ஒருமுறை சொன்னாள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது.

பேராசிரியர் பாடப்புத்தகம் வைத்து நடத்துகிறவர் அல்ல. அவருக்கு எல்லாமே கேஸ்தான். ஊழியக் களத்தில் நிஜமாக நடந்த ஒரு சிக்கலை ஒரு பக்கத்துக்குள் எழுதி, பெயரையும் ஊரையும் மாற்றி, மாணவர்கள் கையில் கொடுத்துவிடுவார். மிஷனரி செய்தது சரியா தவறா என்று அவர்கள் குழு பிரிந்து அடித்துக்கொள்ள வேண்டும். வருடக்கணக்காக வகுப்பில் ஓடிய அந்தக் கேஸ்கள் இப்போது புத்தகமாக வரப்போகின்றன. இன்னும் பல கல்லூரிகளில் பாடமாக வைக்கப்போகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கிற வேலையை அவர் பட்டாசை நம்பிக் கொடுத்திருந்தார். அவளுடைய ஆய்வேட்டுக்கும் அவர்தான் வழிகாட்டி. மேற்படிப்புக்கு அவர் எழுதப்போகிற சிபாரிசை நம்பித்தான் அவள் இருந்தாள்.

கேஸில் அப்பாவுக்கு வேறு பெயர். நாடே வேறு. ஆனால் இரண்டாவது பத்தியில் ஒரு சம்பவம் அப்படியே இருந்தது. வெள்ளத்தில் வழுக்கி விழுந்த இளம் மிஷனரியை, உள்ளூர் ஊழியர் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார் என்று. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே பட்டாசு சோறு தின்று வளர்ந்தாள். அப்பா நடித்தே காட்டுவார். நெட்டைத் தம்பி மலை மாதிரி ஆள், தோளைப் பிடித்தால் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருப்பான், அதனால்தான் முடியைப் பிடித்தேன் என்று அம்மாவின் கொண்டையைப் பிடிக்கப் போய்த் திட்டு வாங்குவார். நெட்டைத் தம்பி என்பதற்கு மேல் அந்த மனிதனுக்கு அப்பா ஒரு பெயர் சொன்னதே இல்லை. இன்றைக்குப் பேராசிரியரின் தலையில் பிடிக்க ஒரு முடி கிடையாது, உயரமும் கூனில் பாதி போய்விட்டது. அதனால்தான் இத்தனை நாள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் அவளுக்குப் பொறி தட்டவில்லை.

மிச்சத்தைப் படிக்கப் படிக்க அவளுக்குக் காது சூடேறியது. ஊழியரின் தாய் இறந்தாள். அவள் கடைசிவரை பழைய மார்க்கத்தில் இருந்தவள். சடங்குகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று மிஷன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தும் ஊழியர் போனார், ஒரு மகன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் விக்கிரகங்களின் முன்னால் செய்தார். ஆகவே மிஷன் அவரை விலக்கியது. பின்பு அவர் குடிக்கு அடிமையானார், குடும்பம் சிதறிப்போனது, விசுவாசம் இழந்தவராகவே செத்துப்போனார். சிதறிப்போன குடும்பம் நூலகத்தில் உட்கார்ந்து, ‘கலந்துகொள்ள’ என்பதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்தது அவளுக்குத் தெரியும். ஒரே மகன் அப்பா. பெற்றவளைக் குளிப்பாட்டி, சேலை சுற்றி, தோளில் சுமந்துகொண்டுபோய் அடக்கம் செய்தார். சொந்தக்காரர்கள் செய்யச் சொன்னதையெல்லாம் செய்தார், உதட்டுக்குள் தன்னுடைய ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே. திரும்பி வந்தபோது மிஷன் வீட்டில் வேறு பூட்டு தொங்கியது. சட்டிபானை வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றாள், சாக்குக்குள் கைக்குழந்தையாகப் பட்டாசு. என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று ஒருவர் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதன்பிறகு நகரத்துக்கு வந்து, வண்டி ஓட்டப் பழகி, ஒண்டுக்குடித்தன வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து வைத்து அப்பா வேதம் வாசிக்கிறார். பாட்டின் ராகத்தைப் பற்றி எல்லோரோடும் சண்டை போடுவார். குடியைப் பற்றிச் சொன்னால், காப்பி குடித்தாலே நெஞ்செரிகிறது என்று ஊரைக் கூட்டுகிற வயிறு அது.

இதைவிட அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது வேறொன்று. படிப்பில் சேர்ந்த முதல் நாள் பேராசிரியர் நடத்திய பாடம், ‘முதலில் கேளுங்கள்’ என்பது. அவள் அதை அட்டையில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருந்தாள். வேறு யார் பாடத்தையும் அப்படி ஒட்டியதில்லை.

பேராசிரியரின் அறை எப்போதும் திறந்திருக்கும். யாரும் தட்டாமல் போகலாம், போனால் தேநீர் உண்டு. நல்ல மனிதர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை, பட்டாசுக்கும் அந்த நாள்வரை இல்லை. அவள் பக்கத்தை மேசைமேல் வைத்து, இவர் என் அப்பா என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்திக்கொள்கிற கதவு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. அப்பா எப்படி இருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று தடுமாறித் தடுமாறிக் கேட்டார். அன்றைக்குத் தான் சின்னப் பையன் என்றும், முடிவெடுத்தது மேலே இருந்த கமிட்டி என்றும் சொன்னார். அதன்பிறகு ஊழியர் எங்கே போனார் என்று தெரியவில்லை, தேடினேன் என்றார். எங்கே தேடினீர்கள் என்று அவள் கேட்டதும், தேநீர் ஊற்றத் திரும்பிக்கொண்டார்.

“தெரியலன்னா தெரியலன்னு எழுதியிருக்கலாமே சார். ஏன் சாகடிச்சீங்க?”

“அடையாளம் தெரியக் கூடாதுன்னுதாம்மா. உயிரோட இருக்கறவங்களப் பத்தி எழுதறப்ப அவங்க மானத்தக் காப்பாத்தணும் இல்லையா.”

“மானத்தக் காப்பாத்தறதுக்கு அவர குடிகாரர் ஆக்கினீங்களா?”

அவர் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். வேண்டுமானால் செத்தார் என்பதை எடுத்துவிட்டு, ஊரைவிட்டுப் போனார் என்று மாற்றிவிடலாம் என்றார். குடியையும் எடுத்துவிடலாம். அவள் அதெல்லாம் போதாது என்றாள். அவர் உயிரோடு இருக்கிறார், அன்றைக்கும் விசுவாசத்தை விடவில்லை, இன்றைக்கும் விடவில்லை, அப்படி எழுதுங்கள் என்றாள். பேராசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, ஒரு நல்ல ஆசிரியர் மக்கு மாணவனுக்கு விளக்குகிற பொறுமையோடு சொன்னார்.

“அப்படி எழுதிட்டா, நாங்க பண்ணினது தப்புன்னு ஆயிடும்மா. அப்புறம் அதுல விவாதிக்க என்ன இருக்கு?”

அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்ததோ என்னவோ, முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் திருத்திச் சொல்லவில்லை. புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் நாளிருக்கிறது, ஜெபித்துவிட்டு முடிவெடுப்போம் என்றார். பட்டாசு தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தாள். இந்த மனிதரின் வகுப்பில் எத்தனை வருடங்களாக எத்தனை பேர் அப்பாவைக் கூறுபோட்டிருப்பார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. யாரோ ஒருத்தன் அவர் முடிவைச் சொல்லிப் பிரசங்கமே பண்ணியிருப்பான். விசுவாசத்தில் உறுதியாக இருங்கள் சகோதரரே, இல்லாவிட்டால் இந்த ஆள் கதிதான் என்று.

விடுதி அறையில் அவளோடு தங்கியிருந்த நர்ஸ் அக்கா, ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடங்கிப் போகச் சொன்னாள். ஆய்வேடு முடியட்டும், சிபாரிசு கைக்கு வரட்டும், அப்புறம் வைத்துக்கொள் உன் கச்சேரியை என்றாள். கேட்டுக்கொண்டிருந்த பட்டாசு அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வேனை ஓரமாக நிறுத்தியிருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் முதலில் சிரிப்புதான் வந்தது.

“எதுல செத்தேன்?”

“குடிச்சுப்பா.”

சிரிப்பு நின்றுவிட்டது. தன் சாவைத் தாங்கிக்கொண்ட மனிதருக்கு இது தாங்கவில்லை. நெட்டைத் தம்பியா எழுதினான், அவன் கையாலேயா எழுதினான் என்று இரண்டு முறை கேட்டார். அவனுக்கு நம் பேச்சைச் சொல்லிக்கொடுத்தது நான், சாப்பாடு இறங்காத காய்ச்சலில் மடியில் போட்டுக் கஞ்சி ஊற்றியவள் உன் அம்மா என்றார். பிறகு குரலை இறக்கி, தன்னைப் பெற்றவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவள் படித்துக் காட்டினாள். விக்கிரகங்களின் முன்னால் என்பதை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை.

வேனுக்குள் எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அந்த கிளாஸ் என்னைக்கு?”

“வியாழக்கெழம. வேணாம்ப்பா. நான் பேசிக்கறேன்.”

“நீ படிக்கப் போனவ. படி.”

வியாழக்கிழமை காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது வகுப்பு ஆரம்பித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. தலை படிய வாரியிருந்தார். பேராசிரியர் திரையில் படம் காட்டுகிற கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அன்றைக்கு அந்தக் கேஸை எடுக்கமாட்டார் என்றுதான் பட்டாசு நினைத்திருந்தாள். எடுத்தார். பாடத்திட்டத்தில் இருந்ததோ, அவள் வாய் திறக்கமாட்டாள் என்கிற தைரியமோ, ஒரு வார்த்தையும் மாறவில்லை. மாணவர்கள் தாளோடு குழு பிரிந்திருந்தார்கள். ஒரு குழு விலக்கியது சரிதான் என்றது. இன்னொரு குழு, எச்சரித்துவிட்டு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம் என்றது. எப்படியும் கெட்டுப்போகிற ஆள்தானே, கடைசியில் என்ன ஆனான் பாருங்கள் என்றான் பின்வரிசையில் ஒருவன். பட்டாசு எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறக்குமுன் அப்பா உள்ளே வந்துவிட்டார்.

யாரோ விருந்தாளிப் போதகர் என்று நினைத்து ஒரு மாணவன் எழுந்து வணக்கம் சொன்னான். நர்ஸ் அக்காவுக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. நகர்ந்து இடம் விட்டாள். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் முட்டி இடிக்க அப்பா உட்கார்ந்தார். அவள் முன்னால் கிடந்த தாளை எடுத்து, எட்டப் பிடித்து, உதடு அசைய முழுவதும் படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. அந்த அமைதியில்தான் பேராசிரியர் திரும்பினார்.

“தம்பி, நடத்துங்க,” என்றார் அப்பா. “நான் செத்த எடத்துலேர்ந்து நடத்துங்க. அதுக்கு மேல எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றேன்.”

பேராசிரியர் ஒரு அடி முன்னால் வந்தார். வந்ததில் கருவியின் வெளிச்சத்துக்குள் சிக்கிக்கொண்டார். திரையில் இருந்த கடைசிப் பத்தி அவருடைய வெள்ளைச் சட்டையிலும் கழுத்திலும் விழுந்து நெளிந்தது, மூச்சு வாங்க வாங்க எழுத்துகள் ஏறி இறங்கின. கை அணைக்கிற பொத்தான்மேல் இருந்தது. அவர் அழுத்தவும் இல்லை, வெளிச்சத்தைவிட்டு நகரவும் இல்லை. அப்பா தாளை மேசைமேல் வைத்து, அது பறக்காமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, காத்திருந்தார்.